கயிறு பிடித்த கை

அரபு மொழியில் 'ஃகவ்வாஸ்' என்றொரு சொல் உண்டு. ஆழ்ந்து மூழ்குபவன் என்பது அதன் பொருள். திருமறையின் 'ஸாத்' அத்தியாயத்தில், நபி சுலைமான் (அலை) அவர்களுக்கு வசப்படுத்தப்பட்ட ஷைத்தான்களைப் பற்றிச் சொல்லுமிடத்தில், கட்டடம் கட்டுவோருடன் மூழ்குவோரும் சேர்த்தே குறிக்கப்படுகின்றனர். அச்சொல் இன்றும் வழக்கொழிந்து போகவில்லை. முதுகிலே காற்றுக் குப்பியைச் சுமந்து, வாயிலே குழாயைக் கவ்விக்கொண்டு கடலடிக்குச் செல்லும் இக்காலத்து மனிதனுக்கும் அரபு நாடுகளில் அதே பெயர்தான். ஆயின், அவனோடு என்றும் இணைபிரியாது நின்ற மற்றொருவன் இருந்தான். அவனுடைய பெயரை இன்று பலர் மறந்துவிட்டனர். பாரசீக வளைகுடாவின் முத்துப் படகுகளில் அவனை 'ஸைப்' என்று அழைத்தனர். கயிறு பிடிப்பவன் என்று நாம் சொல்லலாம்.

முத்தெடுத்தவனைப் பற்றி எழுதியவர் ஏராளம். கயிறு பிடித்தவனைப் பற்றி எழுதியவர் மிகச் சிலர். கடலடியில் மனிதன் மூச்சுவிடக் கற்றுக்கொண்ட வரலாற்றை அந்தக் கயிற்றின் பக்கமிருந்து நோக்கினால் என்ன தெரிகிறது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கி.பி. பத்தாம் நூற்றாண்டினரான வரலாற்றாசிரியர் அல்மஸ்ஊதி, வளைகுடாவின் முத்துக் குளிப்போரைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். ஆமை ஓட்டினாலோ கொம்பினாலோ செய்த கவ்வியால் அவர்கள் மூக்கை அடைத்துக் கொண்டதையும், எண்ணெயில் நனைத்த பஞ்சைக் காதில் வைத்துக்கொண்டதையும் அவர் கூறுகிறார். நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்தவர் இப்னு பதூதா. 1304ஆம் ஆண்டில் தஞ்சா நகரில் பிறந்து உலகைச் சுற்றிய அப்பெருமகனார், மூக்குக் கவ்வியோடு நிறுத்திவிடவில்லை. இடுப்பிலே கட்டிய கயிற்றையும் கண்டார். மூச்சு நெருக்கும்போது மூழ்கியவன் அக்கயிற்றை அசைக்கிறான். மேலே அதைப் பிடித்திருப்பவன் அசைவை உணர்ந்து அவனைப் படகுக்கு இழுத்துக் கொள்கிறான் என்று அவர் எழுதி வைத்தார். மூழ்குவோருள் சிலர் ஒரு மணி நேரமும் இரண்டு மணி நேரமும் நீருக்குள் இருப்பதாக அவர் சொல்வதை நாம் ஏற்பதற்கில்லை. கரையில் இருந்து கேட்டவருக்கு யாரோ கதை விட்டிருக்கிறார்கள். மூச்சடக்கி மூழ்கி முத்தெடுப்பவன் கீழே இருந்து வேலை செய்தது ஏறத்தாழ ஒரு நிமிடமே. ஆனால் கயிற்றைப் பற்றி அவர் எழுதியது முற்றிலும் உண்மை.

வளைகுடாப் படகில் மூழ்குபவனுக்கு இரண்டு கயிறுகள். ஒன்றில் கல் கட்டப்பட்டிருக்கும். அதில் கால் வைத்து அவன் விரைந்து கீழிறங்குவான். அடியைத் தொட்டதும் கல் மேலே இழுக்கப்பட்டுவிடும். மற்றக் கயிறு அவனுடைய உயிர்க் கயிறு. அதன் மறுமுனை ஸைபின் கையில் இருக்கும். அவன் பார்வை வேறெங்கும் செல்லலாகாது, பேச்சிலே ஈடுபடலாகாது. வருவாயைப் பங்கிடும்போது மூழ்குபவனுக்கு மூன்று பங்கும் கயிறு பிடிப்பவனுக்கு இரண்டு பங்கும் தருவது பரவலான வழக்கம். நாகுதாவிடம் வாங்கிய முன்பணத்தால் இருவருமே தலைமுறை தலைமுறையாய்க் கடனில் அழுந்திக் கிடந்தனர் என்பது வேறு கதை. 1920களில் பஹ்ரைனில் கணக்கேடுகள் கட்டாயமாக்கப்பட்டபோதுதான் அந்தக் கடற்கரையில் அக்கொடுமை சிறிது தளர்ந்தது. ஆனால் மூச்சுக்கு ஐந்தில் இரண்டு பங்கு என்று அவர்கள் விலை வைத்திருந்தது எண்ணத்தக்கது.

இனி நம் கடலுக்கு வருவோம். கொற்கையும் காயலும் கீழக்கரையும் முத்தால் பெயர் பெற்றவை. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில் பரதவரும் முஸ்லிம்களும் பல நூற்றாண்டுகளாகத் தோளோடு தோள் நின்று குளித்திருக்கின்றனர். 1803இல் வெளிவந்த தம் நூலில் இராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலப் படைத்தலைவர் இலங்கைச் சலாபத்தை விவரிக்கிறார். ஒரு படகில் தண்டல் ஒருவரும் இருபது ஆட்களும். அவர்களுள் பதின்மர் மூழ்குவோர். எஞ்சிய பதின்மர் தண்டு வலிப்போர், மூழ்கியவர் மேலே வரத் துணை செய்வோர். ஒரு நேரத்தில் ஐவர் இறங்குவர். அவர்கள் இளைப்பாறும்போது மற்ற ஐவர் இறங்குவர். அதாவது, மூழ்கும் ஒருவனுக்கு மூழ்காத ஒருவன் என்ற கணக்கு.

இந்தக் கணக்கு நூறாண்டு கழிந்தும் மாறவில்லை. 1905ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டியில் நடந்த சலாபம், அண்மைக் காலத்தில் நடந்தவற்றுள் மிகப் பெரியது. முந்நூறுக்கும் மேற்பட்ட படகுகள் சென்றன. எட்டுக் கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் கரை சேர்ந்தன. அரசுக்குக் கிடைத்த வருவாய் 25 இலட்சம் ரூபாய் அளவில் இருந்தது. மூழ்கியவர் ஏறத்தாழ ஐயாயிரவர். அவர்களுள் வளைகுடாவிலிருந்து வந்த அரபியரும் பல நூற்றுவர். மூழ்கியவருக்கு ஏறக்குறைய இணையான எண்ணிக்கையில் கயிறு பிடிப்போரும் இருந்தனர். ஆங்கிலேயர் தம் ஏடுகளில் அவர்களை 'முண்டக்' என்று எழுதினர். தமிழர் விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மூழ்க, அரபியர் தம் முன்னோரைப் போன்றே கொம்புக் கவ்வியை மூக்கில் மாட்டிக் கொண்டனர். மூக்கை அடைப்பதில் வேற்றுமை இருந்தது. கயிற்றில் வேற்றுமை இல்லை.

கயிற்றை யாரிடம் கொடுப்பது? நம் கடற்கரையில் இதற்கு ஒரு பேச்சு வழங்குகிறது. கயிற்றை மச்சானிடம்தான் கொடுக்க வேண்டும் என்பார்கள். உடன்பிறந்தவனுக்குச் சொத்திலே பங்குண்டு, பங்காளிக்குப் பகையுண்டு. மனைவியின் சகோதரனுக்கோ தன் தங்கை தாலி இழக்கக் கூடாதே, கருகமணி அறுக்கக் கூடாதே என்ற கவலை இருக்கும். அவன் கை தளராது. வேடிக்கைப் பேச்சாகத் தோன்றினும் இதிலே பெரிய அறிவு இருக்கிறது. ஆபத்து வேளையில் உதவுபவனுக்கு வலிமை மட்டும் போதாது. உதவியே தீரவேண்டும் என்ற கட்டாயம் ஒன்று அவனுக்குள்ளேயே இருக்க வேண்டும். ஜப்பானியக் கடற்கரையில் மூழ்கிச் சிப்பியெடுக்கும் 'அமா' மாதரிலும் ஒரு பிரிவினர் உண்டு. மனைவி மூழ்க, படகில் கயிறு பிடிப்பவன் கணவன்.

மூச்சடக்கும் தொல்லை இல்லாமலே கீழே தங்க இயலாதா என்று எண்ணிப் பார்த்தவர்களுள் முன்னணியில் நிற்போர் முஸ்லிம் அறிஞர்களே. ஒன்பதாம் நூற்றாண்டின் பக்தாதில் வாழ்ந்த மூசாவின் மக்கள் மூவர், நூதனக் கருவிகளைப் பற்றித் தாம் இயற்றிய நூலில், நச்சுக் காற்று நிறைந்த கிணற்றில் இறங்குபவனுக்கு வெளிக்காற்றைக் குழாய்வழி தரும் சாதனம் ஒன்றை வரைந்து காட்டினர். நீரடியில் கிடக்கும் பொருளை அள்ளியெடுக்கும் கவ்வி ஒன்றும் அந்நூலில் உண்டு. பேரறிஞர் அல்பிரூனி மணிகளைப் பற்றி எழுதிய 'கிதாபுல் ஜமாஹிர்' என்னும் நூலில் பக்தாதுக்காரர் ஒருவர் தம்மிடம் சொன்னதைப் பதிவு செய்கிறார். மூழ்குவோர் தோலால் ஆன ஓர் உறையைத் தலையிலிருந்து மார்பு வரை இறுகக் கட்டிக்கொண்டு, அதனுள் அடைபட்ட காற்றைச் சுவாசித்து நெடுநேரம் கீழே இருக்கின்றனராம். அல்பிரூனி கேட்டதை எழுதிவிட்டுப் போகிறவர் அல்லர். அவ்வளவு காற்றோடு கீழே போக மிகப் பெரும் சுமை வேண்டுமே என்று குறை கண்டார். உறையின் உச்சியிலிருந்து மெழுகும் கீலும் பூசிய தோற்குழாய் ஒன்றை நீர்மட்டம் வரை கொண்டு வந்து, காற்று ஊதிய பைகளால் அதன் வாயை மிதக்கவிடலாம் என்று தாமே ஒரு திருத்தமும் கூறினார்.

அந்தத் திருத்தம் ஆழத்தில் பயன்படாது. நீரின் அழுத்தம் மார்பை நெருக்க, மேலேயுள்ள காற்றோ அழுத்தமின்றி இருக்க, ஒரு முழத்துக்குக் கீழே சென்றாலே குழாய்வழி மூச்சிழுப்பது அரிதாகிவிடும். காற்றையும் நீரின் அழுத்தத்துக்கு இணையாக அழுத்திக் கொடுத்தாலன்றி மனிதனால் அங்கே சுவாசிக்க இயலாது. இவ்வுண்மை செயலாவதற்கு மேலும் எட்டு நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. எனினும் மூச்சுத் தருவதற்கு மேலே ஏதேனும் ஒன்று இருந்தாக வேண்டும் என்ற எண்ணத்தில் அல்பிரூனி உறுதியாகவே இருந்தார் என்பதைக் குறித்துக் கொள்வோம்.

ஐரோப்பாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலோகத் தலைக்கவசம் வந்தது. மேலே பம்பு வைத்துக் காற்றை அழுத்திக் குழாய்வழி அனுப்பினர். 1782இல் இங்கிலாந்தின் ஸ்பிட்ஹெட் நங்கூரத் துறையில் 'ராயல் ஜார்ஜ்' என்ற போர்க்கப்பல் கவிழ்ந்து எண்ணூறுக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். அதன் சிதைவை அகற்றும் பணி 1839இல் கர்னல் பாஸ்லி என்னும் பொறியியல் படை அதிகாரியிடம் ஒப்படைக்கப்பட்டது. மூழ்குவோர் எப்போதும் இருவர் இருவராகவே பணிபுரிய வேண்டும் என்று அவர் ஆணையிட்டார். நீருக்குள்ளேயே துணை வேண்டும் என்னும் விதி எழுத்தில் காணப்படுவது அங்கேதான் முதன்முறை என்பர். அந்த விதிக்குத் தேவையும் இருந்தது. காற்றுக் குழாய் சிக்கிக்கொண்டதால் அதை அறுத்துவிட்டு மேலே வந்து பிழைத்தவரும் அப்பணியில் உண்டு; குழாயினின்று காற்று பின்னோக்கிப் பாய, நீரழுத்தத்தில் நசுங்கிக் காயமுற்ற வில்லியம்ஸ் என்ற சிப்பாயும் உண்டு. காற்றை ஒரே திசையில் மட்டும் செல்லவிடும் தடுக்கிதழ் அக்காலத்துத் தலைக்கவசத்தில் இல்லாமையே அக்காயத்துக்குக் காரணம்.

தலைக்கவசம் அணிந்தவன் மேலேயிருப்போரின் கைதியாகவே இருந்தான். பம்பு நின்றால் அவனும் நின்றான். ஆயினும் கயிறும் குழாயும் அவனை ஒரு கணமும் தனியே விடவில்லை.

இந்தப் பிணைப்பை அறுக்கும் கருவி ஒரு சுரங்கத்திலிருந்து வந்தது. பெனுவா ருக்கெய்ரோல் என்ற பிரெஞ்சுச் சுரங்கப் பொறியாளர், கெட்ட காற்றில் சிக்கிய தொழிலாளரைக் காப்பதற்காக, மூச்சு இழுக்கும்போது மட்டும் வேண்டிய அளவு காற்றைத் தரும் கருவி ஒன்றை 1860இல் அமைத்தார். நச்சுக் கிணற்றுக்கெனச் சிந்தித்த மூசாவின் மக்களை இங்கே நினையாமல் இருக்க முடியவில்லை. கடற்படையைச் சேர்ந்த ஓகுஸ்த் தெனெய்ரூஸ் அவருடன் சேர, 1864இல் அக்கருவி நீருக்குள்ளும் இறங்கியது. ஆனால் அக்காலத்து உலோகக் கலங்கள் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை. காற்று சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும். ஆகவே மேலேயிருந்து வரும் குழாயை அவர்களாலும் விட முடியவில்லை.

முழு விடுதலை 1943இல் கிடைத்தது. ஜாக் கூஸ்தோ என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியும் எமில் கான்யான் என்னும் பொறியாளரும் சேர்ந்து 'அக்வாலங்' எனப்படும் நீர்நுரையீரலை உருவாக்கினர். போர்க்காலத்தில் பெட்ரோல் இன்றி எரிவாயுவில் ஓடிய கார்களுக்கெனக் கான்யான் செய்திருந்த வாயுச் சீராக்கியே அதற்கு வித்து. குப்பியில் அடைத்த உயர் அழுத்தக் காற்றை, மூழ்குபவன் இருக்கும் ஆழத்தின் அழுத்தத்துக்குக் குறைத்து, அவன் இழுக்கும் போதெல்லாம் அவ்வளவே தரும் அக்கருவியை 'ரெகுலேட்டர்' என்பர். மீனைப் போல எத்திசையிலும் திரியலாம். கயிறு வேண்டா, குழாய் வேண்டா, மேலே ஆள் வேண்டா. கூஸ்தோவின் எழுத்துகளில் அந்த மகிழ்ச்சி பொங்கி வழிகிறது.

ஆனால் அவரையே ஒருமுறை கயிறுதான் காத்தது. 1946 ஆகஸ்டில் தென் பிரான்சின் வோக்ளூஸ் ஊற்றின் ஆழத்தைக் காண அவரும் பிரெடெரிக் தூமாவும் இறங்கினர். மேலே கயிற்றைப் பிடித்திருந்தவர் மோரிஸ் ஃபார்க் என்ற கடற்படை வீரர். மூன்று முறை இழுத்தால் இன்னும் கயிறு விடு என்பது பொருள். ஆறு முறை இழுத்தால் மேலே தூக்கு என்பது பொருள். ஆழத்தில் இருவருக்கும் மதி மயங்கியது. குப்பிகளில் காற்றடைத்த எந்திரம் தன் புகையையே உள்ளிழுத்துக் கொண்டிருந்ததால், காற்றோடு கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவும் கலந்திருந்தது. அது பின்னரே தெரிந்தது. தூமா நினைவிழக்கும் நிலையில் இருந்தார். கூஸ்தோ கயிற்றைப் பற்றி ஏற முயல, மேலே இருந்த ஃபார்க் அந்த அசைவை, இன்னும் கயிறு கேட்கிறார்கள் என்று கொண்டு மேலும் மேலும் விட்டுக்கொண்டே இருந்தார். ஏற ஏறக் கயிறு கீழே வந்தது. இறுதியில், சைகை எதுவாயினும் ஆகட்டும் என்று துணிந்து ஃபார்க் இழுக்கத் தொடங்கினார். இருவரும் பிழைத்தனர். கயிறு பிடிப்பவனுக்குச் சைகை தெரிந்தால் போதாது, சைகை பொய்க்கும்போது என்ன செய்வது என்றும் தெரிய வேண்டும் என்பதை வளைகுடாவின் ஸைப் எவனும் ஒப்புக்கொள்வான்.

ஓராண்டு கழிந்தது. 1947 செப்டம்பரில், அழுத்திய காற்றைச் சுவாசித்து மனிதன் எவ்வளவு ஆழம் செல்லலாம் என்று சோதிக்க அதே ஃபார்க் துலோன் அருகே இறங்கினார். அவருக்குக் கயிறு கட்டப்பட்டிருந்தது. மேலே ஆட்கள் இருந்தனர். ஏறத்தாழ 120 மீட்டர் ஆழத்தில் தொங்கிய பலகையில் தம் பெயரை எழுதினார். பிறகு கயிற்றில் சைகை வரவில்லை. உடனே இழுத்தனர், எதிர்கொண்டு அழைத்து வர ஒருவர் குதித்தும் சென்றார். சந்தித்தபோது, காற்றுத் தரும் வாய்க்கருவி ஃபார்க்கின் மார்பிலே தொங்கிக் கொண்டிருந்தது. பல மணி நேரம் முயன்றும் உயிர் திரும்பவில்லை.

கயிற்றின் எல்லை அன்று தெரிந்தது. மூச்சடக்கி மூழ்கியவனுக்கு, மேலே இழுப்பதே மூச்சளிப்பதாகும். கீழே சுவாசித்து வாழ்பவனுக்கோ அது போதாது. அவனுக்கு அவன் இருக்குமிடத்திலேயே மூச்சு வேண்டும். ஏன் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேலே இழுத்த மூச்சோடு பத்து மீட்டர் ஆழம் சென்ற முத்துக் குளிப்போனின் நுரையீரற் காற்று பாதியாகச் சுருங்கி, அவன் மேலே வரும்போது பழைய அளவை அடையும். அவன் மூச்சை அடக்கியே வரலாம். குப்பிக் காற்றைப் பத்து மீட்டரில் நிறைய இழுத்தவன் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால், அக்காற்று இரு மடங்காக விரிந்து நுரையீரலைக் கிழித்துவிடும். முன்னவனுக்கு உயிர் தந்த விதி பின்னவனுக்கு எமனாகிறது. காற்றுத் தீர்ந்த அச்சத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே பாய்ந்தவர்கள் பலர் இவ்வாறே மாண்டனர்.

ஆகவே துணைவன் கடலுக்குள் இறங்கினான். இரண்டாம் உலகப்போருக்குப் பின் இக்கலை பொதுமக்களிடம் பரவியபோது, தனியே மூழ்காதே, துணையோடு மூழ்கு என்பதே முதல் விதியாயிற்று. ஒருவனுக்குக் காற்றுத் தீர்ந்தால்? மற்றவன் தன் வாய்க்கருவியைக் கழற்றிக் கொடுப்பான். இவன் இரண்டு மூச்சு இழுத்துத் திருப்பித் தருவான். அவன் இரண்டு மூச்சு இழுப்பான். இப்படி மாறி மாறி மேலே வருவார்கள். பயிற்சிக் குளத்தில் அழகாகவே நடந்தது. உண்மையான ஆபத்தில், மூச்சுக்குத் தவிப்பவன் வாங்கியதைத் திருப்பித் தருவதில்லை. உதவப் போனவனும் சேர்ந்து மாண்ட நிகழ்ச்சிகள் உண்டு.

யர்மூக் போர்க்களத்தில் நடந்ததாகக் கூறப்படும் நிகழ்ச்சியை நம் வாசகர்கள் அறிவர். காயமுற்றுக் கிடந்த ஒருவருக்குத் தண்ணீர் கொண்டு போக, அவர் அடுத்தவரின் முனகலைக் கேட்டு அங்கே அனுப்ப, அவர் இன்னொருவரிடம் அனுப்ப, தண்ணீர் எவருக்கும் பயன்படாமலே மூவரும் ஷஹீதானார்கள். தன்னிலும் பிறரை முற்படுத்தும் 'ஈஸார்' என்னும் பண்பின் சிகரமாக அதைப் போற்றுகிறோம். அங்கே பாத்திரம் ஒன்றுதான் இருந்தது. கடலிலும் பாத்திரம் ஒன்றாக இருக்கும்வரை, அத்தகைய பண்பு கொண்டவர்களாலன்றி அந்த உதவி இயலாது. பண்பில்லாதவனும் அச்சமுற்றவனும் கூடப் பிழைக்க வேண்டுமானால் இரண்டாவது பாத்திரம் வேண்டும்.

அது 1960களின் நடுப்பகுதியில் வந்தது. பஹாமாஸ் தீவுகளின் ஃப்ரீபோர்ட் நகரில் இயங்கிய மூழ்கு நிலையத்தைச் சேர்ந்த டேவ் உட்வர்ட் என்பார் ஒரே குப்பியில் இரண்டு வாய்க்கருவிகளைப் பொருத்தும் ஏற்பாட்டை வழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்பர். குழாய்கள் பல தொங்கியதால் அதற்கு 'ஆக்டோபஸ்', அதாவது பேய்க்கணவாய், என்றே பெயராயிற்று. இரண்டாவது வாய்க்கருவி அதைச் சுமப்பவனுக்கு நாள்தோறும் பயன்படுவதன்று. வழக்கமாக அது மஞ்சள் நிறத்தில் இருக்கும். துணைவன் தேடாமலே காணும்படி, மோவாய்க்கும் விலாவுக்கும் இடையில் மார்பிலே மாட்டியிருக்கும். நிறமும் இடமும் அவனுக்காகவே வகுக்கப்பட்டவை. ஒருவன் தன் உடலில் அணியும் பாதுகாப்புக் கருவிகளுள் பெரும்பாலும் பிறனுக்கென்றே அணிவது இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

பின்னர், ஃபுளோரிடாவின் நீரடிக் குகைகளில் நுழைந்தவர்கள் இதை மேலும் சிந்தித்தனர். தலைக்கு மேல் பாறை. நேரே மேலே போக வழியில்லை. வந்த வழியே திரும்பினால்தான் உயிர். அங்கே ஷெக் எக்ஸ்லி முதலானோர் வகுத்த நெறிகள் கடுமையானவை. வெளியிலிருந்து தொடர்ந்து ஒரு வழிகாட்டிக் கயிறு இழுத்துச் செல்ல வேண்டும். காற்றில் மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, எஞ்சிய ஒரு பங்கு ஆபத்துக்கு. அந்த மூன்றாம் பங்கிலேதான் துணைவனின் மூச்சும் அடங்கியிருக்கிறது. காற்றைப் பகிர்ந்துகொண்டே ஒருவர்பின் ஒருவராய் இடுக்கில் நீந்துவதற்காக ஒரு குழாயை ஏழு அடி நீளமாக்கினர்.

அவர்கள் கண்ட மற்றொன்றே என்னைப் பெரிதும் கவர்ந்தது. மூச்சுக்குத் தவிப்பவன் மார்பில் தொங்கும் மஞ்சள் கருவியைத் தேடுவதில்லை. எதிரே இருப்பவனின் வாயில் உள்ளதையே பறிக்கிறான். அதுதான் வேலை செய்கிறது என்பது அவன் கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே அவர்கள் முறையையே தலைகீழாக்கினர். தான் சுவாசித்துக் கொண்டிருக்கும் வாய்க்கருவியை, அந்த ஏழடிக் குழாயோடு, துணைவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். தன் கழுத்திலே மாலைபோல் தொங்கும் மாற்றுக் கருவியைத் தான் எடுத்துக் கொள்ள வேண்டும். பறிப்பதற்கு முன்னே கொடுத்துவிட்டால் பறித்தல் என்பதே இல்லை. நல்லதென்று அறிந்ததைப் பிறனுக்கும் இனிமேல்தான் சோதிக்க வேண்டியதைத் தனக்கும் வைத்துக் கொள்கிறான். கொடுப்பவனிடம் பெரிய ஈகம் எதையும் இம்முறை எதிர்பார்க்கவில்லை. இரண்டாவது மூச்சு அவன் மோவாயின் கீழேயே இருக்கிறது.

கருவி வந்துவிட்டதனால் எல்லாம் தீர்ந்ததென்று கொள்வது பெரும் பிழை. இரண்டு வாய்க்கருவிகளும் ஒரே குப்பியிலிருந்துதான் இழுக்கின்றன. முப்பது மீட்டர் ஆழத்தில் ஒவ்வொரு மூச்சும் மேற்பரப்பில் இழுப்பதைப்போல் நான்கு மடங்கு காற்றை விழுங்கும். இருவர் இழுத்தால் எட்டு மடங்கு. அச்சத்தில் மூச்சு வாங்கினால் இன்னும் மிகுதி. துணைவனிடமும் காற்றுக் குறைந்திருந்தால் இரண்டாவது கருவி இருந்தும் வீண். இருபது மீட்டர் தொலைவில் மீனைப் படம் பிடித்துக் கொண்டிருக்கும் துணைவன், துணைவன் அல்லன். மார்பில் மாட்டாமல் பின்னே தொங்கி மணலில் இழுபடும் வாய்க்கருவி, தேவை வரும்போது மணலைத்தான் தரும். ஸைபின் கையில் கயிறு இருந்ததால் அவன் கவனம் சிதறியது உடனே தெரிந்தது. இங்கே கயிறு இல்லை. கவனம் சிதறியதை ஆபத்து வந்த பின்னரே அறிய முடிகிறது.

நம் மன்னார்க் கடலில் முத்துச் சலாபம் ஓய்ந்துவிட்டது. தூத்துக்குடிப் பக்கம் 1955இல் தொடங்கிய தொடர் 1961உடன் முடிந்தது. ஆனால் மூழ்குவது ஓயவில்லை. சங்குக்காக இக்கரையிலும், சங்குக்கும் கடலட்டைக்குமாக இலங்கையின் வடமேற்குக் கரையிலும் மனிதர் மூழ்குகின்றனர். அக்கரையில் காற்றுக் குப்பி சுமந்து மூழ்குவோர் பலர். அவர்களுள் நம் சமுதாயத்து இளைஞர்களும் உண்டு. உல்லாசத்துக்காக மூழ்கும் வெளிநாட்டவர் இரண்டு வாய்க்கருவியும் காற்றளவு காட்டும் கருவியும் இன்றி நீரில் கால் வைப்பதில்லை. வயிற்றுக்காக மூழ்குபவனுக்கோ அந்த இரண்டாவது கருவி வீண்செலவாகவே தோன்றும். துணைக்கு ஒருவனை இறக்கினால் ஒரு பங்கு கூடுதலாகத் தர வேண்டும் என்று படகுக்காரர் கணக்குப் பார்ப்பார். பொறிகளே இல்லாத காலத்தில், மூழ்காமல் படகிலேயே நின்ற ஒருவனுக்கு ஐந்தில் இரண்டு பங்கு கொடுத்தவர்களின் கணக்கு வேறாக இருந்தது.

மூழ்குவதற்கு முன் இருவர் செய்துகொள்ள வேண்டிய சோதனை ஒன்று உண்டு. அதற்குச் செலவு ஏதுமில்லை, இரண்டு நிமிடம் போதும். படகிலேயே எதிரெதிர் நின்று, ஒருவன் மற்றவனுடைய குப்பி திறந்திருக்கிறதா, எவ்வளவு காற்று இருக்கிறது என்று பார்க்கிறான். பட்டைகளைத் தொட்டுப் பார்க்கிறான். பிறகு துணைவனின் மார்பில் இருக்கும் மாற்று வாய்க்கருவியைத் தன் கையாலேயே எடுத்து, தன் வாயில் வைத்து, அவனுடைய காற்றை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிறான். அவனும் அவ்வாறே செய்கிறான். அதன் பிறகே இருவரும் நீரில் இறங்குகிறார்கள்.